கிளஸ்டரை எங்கே வெட்டுவது?

நீளமான ஆங்கிலச் சொல்லைக் கை தட்டி அசை பிரிக்க நமக்கெல்லாம் சின்ன வகுப்பிலேயே பழக்கிவிட்டார்கள். அந்த வெட்டு எங்கே விழ வேண்டும் என்று ஒரு காலத்தில் சண்டையே நடந்தது.

தாமஸ் டில்வர்த் என்ற இங்கிலாந்து ஆசிரியர் 1740இல் எழுதிய பாடநூல்தான் அமெரிக்கப் பள்ளிகளிலும் ஓடியது. அதில் 'கிளஸ்டர்' என்ற சொல் 'எஸ்' எழுத்துக்கு முன்னால் வெட்டப்பட்டிருந்தது. அப்படி வெட்டினால் முதல் அசை உயிரெழுத்தில் முடிகிறது, பிள்ளை அதை 'க்ளூ-ஸ்டர்' என்று நீட்டி வாசிக்கும். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. 1783இல் ஹார்ட்ஃபர்ட் நகரில் தன் எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்டார். காது கேட்கிற இடத்தில் வெட்டு என்பதே அவர் வழி: க்ளஸ்-டர். சுதந்திரப் போர் முடிந்த ஆண்டு அது. இங்கிலாந்தின் பாடநூலையும் தள்ளிவைக்க அவர் விரும்பினார்.

காதை நம்பினால் அழுத்தமும் கூடவே வந்துவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில். 'ஃபொடாக்ரஃபி' என்றால் இரண்டாவதில், வெட்டும் நகர்கிறது: ஃபொ-டாக்-ர-ஃபி. கிரேக்க வேரைப் பார்த்தால் ஃபோட்டோ ஒளி, கிராஃபி எழுத்து. அங்கே வெட்டு வேறு இடம். அப்பா எல்லா அசையையும் ஒரே கனத்தில் 'ஃபோட்டோ கிராஃபி' என்று சொன்னால் நாம் சிரிக்கிறோமே, அவர் வேரைச் சரியாகத்தான் பிரிக்கிறார்! தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறாது. அந்தக் காதோடு ஆங்கிலம் படித்தவர் அவர்.

சரியாக 200 ஆண்டு கழித்து, 1983இல், இந்த வேலை என் துறைக்கு வந்தது. டொனால்ட் குனுத்தின் 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர் ஃபிராங்க் லியாங் சொல் வெட்டும் முறையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். மெரியம்-வெப்ஸ்டர் பாக்கெட் அகராதியின் சொற்களைக் கணினிக்குக் கொடுத்து, 4447 எழுத்துக் கோலங்களைப் பிரித்தெடுத்தார். ஆய்வேட்டின் தலைப்பையே அசை பிரித்து அச்சடித்தார், குறும்புக்காரர்.

ஆனாலும் 'பிரெசென்ட்' மாட்டிக்கொண்டது. பரிசு என்றால் அழுத்தம் முன்னால், வழங்கு என்றால் பின்னால். எழுத்து ஒன்றே, வெட்டு இரண்டு. 'புராஜெக்ட்' என்ற சொல்லிலும் இதே சிக்கல். கணினிக்குக் காது இல்லையே! இரண்டையும் வெட்டவே கூடாது என்று 14 சொற்கள் கொண்ட விதிவிலக்குப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். வரியில் இடம் போதாவிட்டால் டெக் அவற்றை முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளிவிடும்.