அம்மா எங்க உக்காருவாங்க?

இந்த எபிசோட் ஒரு சீட்டைப் பத்தினது. கூடவே ஒரு சைலன்சரும் வரும், சத்தமா வரும்.

எங்க அப்பாவோட புல்லட் 1972 மாடல். அப்பா போன பிறகு நாலு வருஷம் யாரும் அதோட கிக்கரைத் தொடல. அக்காவுக்கு என்.எல்.சி-யிலேயே வேலை. அதனால அம்மாவும் புல்லட்டும் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்லயே இருந்தாங்க. சென்னையில உக்காந்து கஃபே ரேசர் படமா பார்த்துப் பார்த்து, எனக்கு ஒருநாள் ஆசை தலைக்கேறிடுச்சு. ஊருக்குப் போய், வண்டியைத் தள்ளிக்கிட்டே மந்தாரக்குப்பத்துல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டு, போனைக் காட்டினேன். பின்னாடி திமில் மாதிரி மேடு வெச்ச ஒத்தை சீட்டு, குட்டை சைலன்சர், மட்கார்டே இல்ல. அண்ணன் படத்தைப் பெருசாக்கி நிதானமா பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. அம்மா எங்க உக்காருவாங்க?"

எனக்குப் பதில் வரல. ஆனா அந்தக் கேள்விக்குள்ள ஒரு அறுபது எழுபது வருஷ வரலாறு இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

இந்திய ராணுவத்துக்காக 1952-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனிக்கு 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. வண்டிகள் இங்கிலாந்தின் ரெடிச்சில் இருந்து கப்பலேறி வந்தன. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956-ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்து, அந்த வருஷம் முடியறதுக்குள்ள 163 வண்டிகளைப் பூட்டி வெளியே அனுப்பினாங்க. அதே 1956 நவம்பர்லதான் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் பதிவாச்சு. அடுத்த மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். ரெண்டும் ஒரே வயசு. எங்க அப்பாவுக்கு ஒண்ணு சோறு போட்டது, இன்னொண்ணு அவரைச் சுமந்தது.

இப்ப சீட்டுக்கு வருவோம். பழைய மோட்டார் சைக்கிள்கள்ல பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது. சக்கரம் நேரா சட்டத்தோட இறுகி இருக்கும். பள்ளத்துல இறங்கினா முதுகெலும்புதான் வாங்கிக்கணும். அதனால ஓட்டுறவர் சீட்டுக்கு அடியில சுருள் ஸ்பிரிங் வெச்சாங்க. ஸ்டைலா நினைக்கிறோமே அந்த ஸ்பிரிங் சீட், அது உண்மையில ஒரு சஸ்பென்ஷன். 1949 புல்லட்ல பின் சக்கரம் ஸ்விங் ஆர்ம்ல தொங்கி, ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வந்துடுச்சு. அப்புறம் ஸ்பிரிங்குக்கு என்ன வேலை? தட்டையா, நீளமா, ரெண்டு பேர் உக்கார்ற ஸ்பாஞ்ச் சீட்டு போட வழி பிறந்தது.

அந்த நீள சீட்டை வெச்சு ரெண்டு ஊரும் ரெண்டு திசையில போச்சு. லண்டன்ல வடக்குச் சுற்றுச் சாலையில ஏஸ் கஃபேன்னு ஒரு கடை. அங்க கூடின தொழிலாளி வீட்டுப் பசங்க மணிக்கு 100 மைலைத் தொடறதுக்காக வண்டியில இருந்து எதையெல்லாம் கழட்ட முடியுமோ கழட்டினாங்க. குனிஞ்சு ஓட்டணும், வேகமெடுக்கும்போது பின்னால வழுக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்தத் திமில். 1964-ல் ராயல் என்ஃபீல்டே இந்த வேலையைத் தொழிற்சாலையில செஞ்சு, 250 சிசி கான்டினென்டல் ஜிடின்னு வித்தது. ஃபைபர் டேங்க், தாழ்ந்த ஹேண்டில், பின்னோக்கி வாரின சைலன்சர்.

இங்க மெட்ராஸ்ல நடந்தது நேர் எதிர். கார் எட்டாத வீட்டுக்கு பைக்தான் குடும்ப வண்டி. அப்பா ஓட்டுவார், அம்மா ஒருக்களிச்சு உக்காருவாங்க, நான் டேங்க் மேல. எல்லாத்தையும் கழட்டினவங்க அவங்க. நாம புடவை சிக்காம இருக்க கம்பி, பிடிச்சுக்கக் கைப்பிடி, கால் வைக்கப் பலகைன்னு மாட்டிக்கிட்டே போனோம். இது சட்டத்துலயே ஏறிடுச்சு. மத்திய மோட்டார் வாகன விதி 123-ஐப் பாருங்க: பின்னால உக்கார்றவருக்குக் கைப்பிடி, கால் மிதி, துணி சிக்காம பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு, மூணும் கட்டாயம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இது. எழுதினவர் கண் முன்னால ஒரு முந்தானை பறந்திருக்கணும்.

சரி, ஒத்தை சீட்டு எப்படிப் போடறாங்க? வழக்கமா, ஷாக் அப்சார்பரோட மேல் போல்ட்டுக்குப் பின்னால சட்டத்தை அறுத்து, 'யூ' மாதிரி வளைச்ச குழாயை வெல்டு பண்ணுவாங்க. அதுக்கு மேல தகரத்துலயோ ஃபைபர்லயோ ஒரு அடித்தட்டு, கீழே கெட்டி ஃபோம், மேலே மெத்து ஃபோம், அதுக்கு மேல ரெக்சின். பலர் மறக்கிற விஷயம் ஒண்ணு: ஷாக் முழுசா அமுங்கும்போது டயர் மேலே வரும். ஆள் ஏறிக் குதிச்சுப் பார்க்காம தட்டை இறுக்கினா, முதல் பள்ளத்துலயே டயர் உரசும்.

அண்ணன் அறுக்க மாட்டேன்னுட்டார். "அறுத்தா திரும்பாது தம்பி." பழைய போல்ட் ஓட்டைகள்லயே மாட்டற மாதிரி ஒரு ஒத்தை சீட்டு செஞ்சு கொடுத்தார். அப்ப எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பொய் சொல்லல.

அவர் பேச்சை மீறி நான் செஞ்சது சைலன்சர். புதுப்பேட்டையில ஒரு குட்டை பைப் வாங்கிட்டு வந்து நானே மாட்டினேன். புல்லட் 346 சிசி, ஒரே சிலிண்டர். இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு வெடி. அந்த வெடியை உள்ளறைகள்ல விரியவிட்டு ஆத்தி அனுப்பறதுதான் சைலன்சர். வெறும் குழாயா போட்டா சத்தம் மட்டும் மாறாது, காத்தும் பெட்ரோலும் கலக்கிற அளவும் மாறிடும். கார்புரேட்டர்ல மெயின் ஜெட்டை மாத்தணும். இல்லன்னா பெட்ரோல் பத்தாம இன்ஜின் கொதிக்கும், ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு வெடிக்கும். நான் ஜெட்டைத் தொடவே இல்ல.

காலை எட்டு மணி இருக்கும். எங்க தெருவுல ரெண்டே ரெண்டு ரவுண்டு. அடுத்த வீட்டு மாமா லுங்கியோட வெளியே வந்தார். திட்டல. "நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பதான்பா படுத்தேன்"னு மட்டும் சொன்னார். நெய்வேலியில வளர்ந்த எனக்கு இது தெரியாதா? மூணு ஷிஃப்ட் ஓடற ஊர்ல எந்த நேரத்துலயும் யாரோ ஒருத்தர் தூங்கிட்டிருப்பார். அப்பா தூங்கும்போது நாங்க குக்கர் விசிலுக்குக்கூட பயந்த வீடு அது. அன்னைக்கு மதியமே பழைய சைலன்சர் திரும்ப ஏறிடுச்சு.

அறுக்காததோட அருமை அப்புறம்தான் புரிஞ்சது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு கேரளாவில் இருந்து போன வழக்குல தீர்ப்பு சொன்னது. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். நம்ம ஆர்.சி-ல இருக்கை ரெண்டுன்னு இருக்கும், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 2021-ல் இன்னொரு விதி வந்தது. 50 வருஷம் தாண்டின, சட்டத்துலயும் இன்ஜின்லயும் கை வைக்காத வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம். நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்து வரும். ஆனா அப்படிப் பதிவான வண்டியை தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது. அப்பா வண்டி அந்த வயசைத் தாண்டிடுச்சு. நான் இன்னும் பதிவு பண்ணல. ஓட்டாம நிறுத்தி வைக்க மனசு வரல.

ஒத்தை சீட்டு இப்ப பரண்ல துணி சுத்தி இருக்கு. போட்டோ எடுக்கணும்னா மட்டும் இறக்குவேன், நாலு போல்ட் வேலை. போன தைப்பூசத்துக்கு அம்மா வடலூர் ஜோதி பார்க்கணும்னாங்க. நீள சீட்டோட ரெக்சினைத் தடவிப் பார்த்துட்டு, ஒருக்களிச்சு ஏறி, கைப்பிடியைத் தேடாம என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மெதுவா போடா, உங்கப்பா மாதிரி"ன்னாங்க.