யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடியிலிருந்து மீள்வோருக்கான உளநல உதவி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடியை விட முயல்பவருக்கான உளநல உதவி பெரும்பாலும் அரச வைத்தியசாலைகளின் வழியாகவே கிடைக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை, மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை ஆகியவை இதில் முதன்மையானவை. 1987இல் தொடங்கப்பட்ட சாந்திகம் போன்ற தொண்டு நிறுவனங்களும், பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இவற்றுக்குத் துணையாக உள்ளனர். அரச வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. குடியும் மனத்துயரும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்கும்போது, “முதலில் குடியை விடட்டும், மனதைப் பிறகு பார்ப்போம்” என்று ஒத்திப்போடும் வழக்கம்தான் இங்கு மிகுந்த தீங்கு செய்கிறது.

பின்னணி

பனை மண்ணில் கள் புதிதல்ல. தவறணைகளும், கள்ளைச் சேர்த்து விற்கும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், பனஞ்சாராயம் வடித்துவந்த திக்கம் வடிசாலையும் குடாநாட்டின் பொருளாதாரத்தோடு கலந்தவை. கள்ளில் மதுசாரம் பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 வரைதான். சாராயத்தில் அது 30ஐத் தாண்டும். கள்ளிலிருந்து சாராயத்துக்கும் சட்டவிரோதக் கசிப்புக்கும் மாறியவருக்கு அளவு தெரியாமலே உடல் அடிமைப்பட்டுவிடுகிறது.

குடிக்கு எதிரான குரலும் இங்கே பழையது. அமெரிக்க மிஷன் காலத்திலிருந்தே அது ஒலித்தது. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியும் மதுவிலக்கை வலியுறுத்தினார். இந்த மரபு பல குடும்பங்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது குடியை ஒழுக்கக் கேடாகவே பார்த்தது. குடிப்பவனைத் திருத்த வேண்டும், அல்லது ஒதுக்க வேண்டும். நோயாளியாக நடத்தலாம் என்ற எண்ணம் அதில் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுத்தது. அது கடைக்குப் போட்ட கட்டுப்பாடு. ஏற்கெனவே குடிக்கு அடிமையானவருக்குத் தேவை வேறு.

போர் அந்தத் தேவையைப் பல மடங்காக்கியது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டார்கள். காணாமற்போனவர்களும், ஷெல்லில் இறந்தவர்களும், பல தடவை இடம்பெயர்ந்த நினைவும் இல்லாத வீடு அரிது. 2009 யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் யாழ். மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு, நூற்றுக்கு 22.2 பேரிடம் மனச்சோர்வின் குணங்குறிகளையும், 32.6 பேரிடம் பதகளிப்பையும், 7 பேரிடம் மனவடு நோயையும் கண்டது. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடையே மனச்சோர்வு நூற்றுக்கு 41.8. இவை குடியை அளந்த எண்கள் அல்ல. ஆனால் இரவில் நித்திரை வராதவர், கண்ணை மூடினால் பழைய காட்சி வருகிறவர், எதைத் தேடிப் போவார் என்பதை ஊகிக்க இவை போதும். யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ நூல், இந்தத் துயரைத் தனிமனிதரின் பலவீனமாகக் கருதாமல் ஒரு சமூகத்தின் காயமாக எழுதிவைத்தது.

நிறுத்தும் முதல் நாட்கள்

நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் படாது. குடிக்கும் ஆண்கள் பலர் அந்த நாட்களில் போத்தலைத் தொடுவதில்லை. இடைக்கிடை குடிப்பவருக்கு இது நல்ல தொடக்கம். விடிந்ததும் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவருக்கு இதுவே ஆபத்து. நீண்டகாலம் நாள்தோறும் அதிகம் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வியர்வையும் ஓங்காளமும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை சன்னி நிலை ஏற்படலாம்: ஆள் இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் துடைப்பார், இல்லாதவர்களோடு கதைப்பார். உரிய சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரையும் எடுக்கும்.

இது வீட்டில் மட்டும் நிகழ்வதல்ல. கால் முறிந்தோ காய்ச்சலிலோ வைத்தியசாலை விடுதியில் சேர்க்கப்பட்டவர் மூன்றாம் இரவு சேலைனைப் பிடுங்கிவிட்டு எழும்பி நடந்தால், வீட்டார் “பேய் அடிச்சுப்போட்டுது” என்று திருநீறு தேடுவார்கள். திருநீறு பூசுவதில் பிழையில்லை. ஆனால் அவர் நாள்தோறும் குடித்தவர் என்பதை, எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், அந்த நிமிடமே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சேர்க்கும்போதே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. டயசிபாம் போன்ற மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பதன் மூலமும், வைற்றமின் பி1 ஆன தயமினை ஊசியாக ஏற்றுவதன் மூலமும் இந்த நிலையைத் தடுக்கலாம். குளுக்கோசுக்கு முன்னரோ அதனோடு சேர்த்தோ தயமின் கொடுப்பது நிரந்தர மறதி நோயிலிருந்து மூளையைக் காக்கிறது. டயசிபாம் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கித் தாங்களே போடுவது கூடாது, அவையும் பழக்கமாகிவிடும்.

குடி நின்ற பின் மனம்

குடியை நிறுத்தியதும் மனம் தெளிந்துவிடும் என்று குடும்பம் எதிர்பார்க்கிறது. நடப்பது பெரும்பாலும் எதிர்மாறு. நித்திரை கெடும், எரிச்சல் கூடும், அழுகை வரும், குடியால் மங்கியிருந்த பழைய நினைவுகள் கூர்மையாகத் திரும்பும். “குடிச்சபோது இதைவிட நல்லா இருந்தான்” என்று தாயே சொல்லும் நாட்கள் உண்டு. மதுசாரமே உண்டாக்கிய மனச்சோர்வு பொதுவாக இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் தணியும். அதன் பிறகும் நீடித்தாலோ, குடிக்குமுன்பே இருந்திருந்தாலோ, அது தனி நோய். அதற்கு மருந்தும் ஆற்றுப்படுத்தலும் வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் நாட்களை எண்ணிக் காத்திருக்கக் கூடாது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. எனவே பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை.

நித்திரைக்கும் பதகளிப்புக்கும் மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், சைவருக்கு மந்திரம், கிறிஸ்தவருக்குச் செபம் என்று அவரவர் வழக்கத்திலுள்ள முறைகளைச் சோமசுந்தரமும் உடன் பணியாற்றியோரும் சிகிச்சையில் சேர்த்தார்கள். ஊருக்குப் பழகிய இந்த வழிகளை நோயாளி வீட்டிலும் தொடரலாம்.

உதவியை நாடும் வழி

உளமருத்துவப் பிரிவு உள்ளதால், தெல்லிப்பளை என்ற பெயரைச் சொன்னாலே சிலர் பின்வாங்குவார்கள். குடிகாரன் என்ற பெயரைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பம்கூட விசரன் என்ற பெயருக்கு அஞ்சுகிறது. இந்த அச்சத்தால் வீணாகும் ஆண்டுகள்தான் இந்த நோயின் பெரும் இழப்பு. நேரே உளமருத்துவப் பிரிவுக்குப் போகத் தயங்குபவர் அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சொல்லலாம். அவர்கள் உளநல மருத்துவ அலுவலரிடம் அனுப்பிவைப்பார்கள். முதல் நாளில் குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் பயன்படுகின்றன. 40 புள்ளிகளில் 8 அல்லது அதற்குமேல் வந்தால் குடி தீங்கு தரும் நிலைக்கு வந்துவிட்டதென்று பொருள். கிளினிக் கொப்பியைத் தொலைக்காமல் வைத்திருப்பது முக்கியம். வேறு வைத்தியசாலையில் சேர நேர்ந்தால் எந்த மருந்து, எப்போது தொடங்கியது என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும். இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைத் தமிழிலும் அழைக்கலாம்.

கூடிப் பேசும் குழுக்கள் இங்கு இன்னும் வேரூன்ற வேண்டும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீண்டவரே அடுத்தவரைத் தாங்கும் முறை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை மருத்துவத்தையும் குழுப் பேச்சையும் குடும்பத்துக்கான ஆலோசனையையும் ஒன்றாகத் தமிழில் நடத்திக் காட்டியது. ஒருவரையொருவர் எல்லோரும் அறிந்த குடாநாட்டுக் கிராமத்தில் பெயர் வெளிவராது என்ற உறுதியைத் தருவது கடினம். அதனால் குழு அயலூரில் கூடுவது நல்லது.

குடும்பம்

உதவி தேடி முதலில் வருபவர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். அவர் தனியாக வந்தாலும் உளவளத்துணை பெறலாம்; கணவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டைசல்பிராம் மாத்திரையைக் கறியில் கலந்து கொடுக்கும்படி யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. அது தெரியாமல் குடித்தவருக்கு நெஞ்சு படபடத்து இரத்த அழுத்தம் விழும்; உயிராபத்தும் உண்டு. அவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

பிள்ளைகளும் கவனத்துக்குரியவர்கள். வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு, தந்தையின் குடி வீட்டு வன்முறையோடு பிணைந்திருப்பதைக் காட்டியது. வீட்டில் அடி விழுந்தால் அன்றிரவு பிள்ளைகளோடு தங்க ஓர் உறவினர் வீட்டை முன்கூட்டியே பேசிவைப்பது, சிகிச்சைத் திட்டத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

மறுபடி குடித்தல்

மாதக்கணக்கில் நிறுத்தியவர் ஒரு செத்தவீட்டிலோ கலியாணத்திலோ மறுபடி தொடங்குவது இந்த நோயில் அடிக்கடி நிகழ்வது. குடித்த நாளில் மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிடுவதும், “இனி எந்த முகத்தோடு கிளினிக்குக்குப் போவது” என்று ஒதுங்குவதும் வழக்கம். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல், முடிந்தவரை விரைவில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டையும் வைத்தே வைத்தியர் விடுதியில் சேர்ப்பதா வீட்டிலிருந்தே தொடர்வதா என்று முடிவெடுப்பார்.