தீயா, தொட்டிலா? (ராணி மங்கம்மாள் தொடர் – 7)

மங்கம்மாள் பேரை எடுத்தால் எங்கள் மம்சாபுரத்து டீக்கடையில் முதலில் வருவது வெற்றிலைக் கதைதான். ஏதோ நினைப்பில் இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாளாம். அந்தப் பாவம் தீரச் சாலை போட்டாளாம், மரம் வைத்தாளாம், சத்திரம் கட்டினாளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு அவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தளவாய் லிங்கம நாயக்கரின் மகள் அவள். நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரண்மனை கட்டிய திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதருக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த வம்சத்தில் பெண்களுக்குச் சிம்மாசனம் கிடையாது.

போன வாரம் 1682-ல் நிறுத்தினோம். திருச்சி அரண்மனையில் சொக்கநாதர் கண்ணை மூடிவிட்டார். பட்டத்துக்கு வந்தபோது இருந்த ராஜ்யத்தில் பாதிகூட மிச்சமில்லை. தஞ்சையைப் பிடித்து மராட்டியரிடம் பறிகொடுத்தார். மைசூர்க்காரன் வடக்கே தின்றுகொண்டே வந்தான். நம்பி வளர்த்த ருஸ்தம் கானே அவரை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷம் ஆட்டிவைத்தான். தெற்கே கிழவன் சேதுபதி தன்பாட்டுக்கு நிமிர்ந்துகொண்டிருந்தார்.

ராஜா செத்தால் ராணிகள் உடன்கட்டை ஏறுவது அந்தக் காலத்து மரியாதை. இதே கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது 47 மனைவியர் சிதையேறினார்கள் என்று பாதிரிமார் கடிதம் சொல்கிறது. மங்கம்மாள் ஏறவில்லை. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பனுக்கு மீசை கூட முளைக்காத வயசு. அவனை விட்டுவிட்டு அவள் போயிருந்தால் மறுநாளே பங்காளிகள் கணக்குப் பார்க்க வந்திருப்பார்கள்.

பையன் சூட்டிகையானவன். அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. ஔரங்கசீப்பின் ஒற்றைச் செருப்பை யானைமேல் வைத்து, சாமரம் வீசி, படை சூழ ஊர் ஊராகக் கொண்டு வருவார்களாம். எதிர்கொண்டு போய்க் கும்பிடாத ராஜா கப்பம் கட்டாத ராஜா. ரங்ககிருஷ்ணன் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பி, செருப்பைத் தர்பாருக்கே வரவழைத்தான். தரையில் வைக்கச் சொன்னான். காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, “இன்னொரு செருப்பு எங்கே?” என்றானாம்.

நான் இதை முழுசாக நம்பவில்லை. ஔரங்கசீப்புக்கு 1686-ல் பீஜப்பூர், 1687-ல் கோல்கொண்டா என்று கை நிறைய வேலை இருந்தது. திருச்சிவரை செருப்பு அனுப்ப அவருக்கு எங்கே நேரம்? ஆனாலும் இருபதைத் தொட்டும் தொடாத ஒரு ராஜாவைப் பற்றி ஜனங்கள் இப்படிப் பேச ஆசைப்பட்டார்கள் என்றால், அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிகிறதல்லவா? பறிபோன ஊர்களில் சிலதை அவன் மீட்டதும் மெய்தான். மங்கம்மாளுக்கு மூச்சு திரும்பியது.

ஏழே வருஷம். 1689-ல் அம்மை போட்டது. அதற்கு வேப்பிலையும் தெரியாது, அரண்மனையும் தெரியாது. ரங்ககிருஷ்ணன் போய்விட்டான்.

அவன் மனைவி சின்ன முத்தம்மாள் நிறைமாதம். சிதையேறியே தீருவேன் என்று அந்தப் பெண் நின்றாள். இந்த இடத்தில் மாமியாரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் தன் பிள்ளைக்காகத் தீயிலிருந்து ஒதுங்கியவள். இப்போது பிள்ளையே இல்லை. நாயக்க வம்சத்தில் எஞ்சியிருப்பது மருமகள் வயிற்றில் இருப்பது மட்டும். அது பெண்ணாகப் பிறந்தால்? பிறக்காமலே போனால்? கெஞ்சினாள். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் உன் இஷ்டம் என்று வாக்குக் கொடுத்தாள். மருமகள் ஒருவழியாகத் தணிந்தாள்.

பிறந்தது ஆண். மங்கம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்! நாளைக் கடத்தினால் பச்சைப்பிள்ளை முகம் தாயை மாற்றிவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிள்ளை பெற்ற அறையில் வெந்நீர், காயம், கதவு திறக்காத கதகதப்பு. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைக்க விடமாட்டார்கள். ஜன்னி கண்டுவிடும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் அதே பயம். சின்ன முத்தம்மாளுக்கும் அது தெரியும். நாலாம் நாள், காவலுக்கு இருந்தவர்கள் கண்ணசந்த நேரம் பார்த்து, கைக்கெட்டிய பன்னீரை மடமடவென்று குடித்துத் தீர்த்தாளாம். ஜன்னி கண்டது. தீ மூட்டாமலே புருஷன் பின்னால் போய்விட்டாள்.

மாமியார் வாக்குத் தவறுவாள் என்று மருமகளுக்குத் தெரிந்திருக்கிறது. தவறத்தான் இருந்தாள் என்று நான் நினைக்கிறேன். அதற்காக மங்கம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தாயுமில்லை, தகப்பனுமில்லை. மூன்று மாதக் குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பேரிட்டு முடிசூட்டினார்கள். தொட்டிலில் ராஜா. பக்கத்தில் கணவனை, மகனை, மருமகளைப் பறிகொடுத்த பாட்டி. முத்திரை மோதிரம் இப்போது அவள் பொறுப்பில். தளவாய்களும் பாளையக்காரர்களும் வந்து வணங்கினார்கள். எத்தனை பேர் மனசார வணங்கினார்கள் என்பது வேறு.

அவர்களை எடைபோடக்கூட அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. சிவாஜியின் மகன் ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து செஞ்சிக்கோட்டைக்குள் புகுந்துகொண்டான். அவனைத் துரத்திக்கொண்டு 1690-ல் ஜுல்பிகர் கான் மொகலாயப் படையோடு செஞ்சி வாசலில் வந்து இறங்கிவிட்டான். செஞ்சிக்குப் பிறகு அடுத்த பெரிய கோட்டை திருச்சிதான்.

கப்பம் கேட்டு ஓலை வருமுன் பதில் தயாராக இருக்க வேண்டும். செருப்பில் காலை நுழைத்தவனின் தாய் என்று ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சபையில் பாதிப் பேர் படையைக் கிளப்பலாம் என்றிருப்பார்கள், மீதிப் பேர் பொன்னைக் கட்டலாம் என்றிருப்பார்கள். மங்கம்மாள் திருச்சிக் கோட்டையிலிருந்து வடக்கே அனுப்பியது எதை?

(அடுத்த வாரம்)