தரவுத்தள அட்டவணைக் கண்டறிதல்

ஒரு தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைகளுள் கண்காணிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் பணி. அட்டவணையின் அளவு, வளர்ச்சி, வினவல் வேகம், அணுகியவர் விவரம் ஆகியவை இப்பட்டியலை ஒட்டியே பதிவாகின்றன. பட்டியலில் இல்லாத அட்டவணை பழுதானாலும் எச்சரிக்கை எழாது.

தானியங்கு முறை: கண்காணிப்பு மென்பொருள் குறித்த இடைவெளியில் தரவுத்தளத்தை வினவி, புதிய அட்டவணைகளைத் தானே சேர்க்கும். இதன் வேர் கணினி அறிஞர் எட்கர் காட் 1985இல் வெளியிட்ட விதிகளில் உள்ளது: தரவுத்தளம் தன் அமைப்பு விவரத்தையும் பிற தரவைப் போலவே வினவத்தக்கதாக வைக்க வேண்டும் என்பது நான்காம் விதி. 1992ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் வினவல் மொழித் தரநிலை இதற்கு 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்னும் பொது வடிவம் தந்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் இது உண்டு. ஆரக்கிள் தனக்கெனத் தனி விவர அகராதியை வைத்துள்ளது. வினவும் கணக்குக்கு உரிமையில்லாத அட்டவணைகள் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் தென்படா. தற்காலிக அட்டவணைகள் குவிந்தால் தேவையற்ற எச்சரிக்கைகள் பெருகும். பெயர் வடிகட்டிகள் அதைக் குறைக்கும்.

கைம்முறை: நிர்வாகி ஒவ்வோர் அட்டவணையையும் தேர்ந்து, அதற்குரிய எச்சரிக்கை வரம்பை வகுப்பார். துல்லியம் மிகுதி, ஆனால் புதிய அட்டவணைகள் எளிதில் விடுபடும்.

சட்டப் பின்னணி: மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் பெறப்படும் தனிநபர் தரவைக் காக்கும் கடமையை அது நிறுவனங்கள்மேல் சுமத்துகிறது. சிறு நிறுவனத்துக்கும் இக்கடமை உண்டு. தனிநபர் தரவு எந்த அட்டவணையில் உள்ளது எனத் தெரியாமல் அதைக் காக்க இயலாது. எனவே தானியங்கு தேடலால் முழுப் பட்டியலைப் பெற்று, மக்களின் விவரம் அடங்கிய அட்டவணைகளுக்குக் கைம்முறையில் வரம்பு வகுப்பதே நம்பத்தக்க வழி.