பரீட்சையும் பாடவிதானமும்: அக்கரப்பத்தனையும் பின்லாந்தும்

ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை அறிய விழைவோர் சட்டங்களையும் கட்டடங்களையும் நோக்குவதோடு அமைதல் போதாது. மாணாக்கனிடம் எது வினவப்பட்டது, அதனை வினவியவர் யார், அவன் தந்த விடையைக் கொண்டு எது தீர்மானிக்கப்பட்டது என்னும் மூன்றனையும் ஆராய்தல் வேண்டும். பரீட்சை எதனை நாடுகின்றதோ அதனையே பாடவிதானமும் நாளடைவில் நாடும். இவ்வுண்மைக்கு இலங்கையின் மலையகத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு தக்கதொரு சான்றாகும். அவ்வரலாற்றைப் பின்லாந்து நாட்டின் வரலாற்றோடு ஒப்பு நோக்குமிடத்து அது மேலும் தெளிவுறும்.

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கு அப்பால் ஹோட்டன் சமவெளியை நோக்கி உயர்ந்து செல்லும் மலைச்சரிவுகளிலே அமைந்தது அக்கரப்பத்தனை. டயகம, ஹோல்புரூக், வேவர்லி, கிளாஸ்கோ, பல்மோரல் எனும் தோட்டங்கள் இப்பகுதியைச் சார்ந்தவை. ஸ்கொத்லாந்து ஊர்களின் பெயர்கள் சில இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தவாறே, ஆங்கில நாட்டுக் கல்வி முறைகளும் இத்தீவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்கும் முறையாகும்.

இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் றொபேட் லோ என்பார் இம்முறையைப் புகுத்தினார். வித்தியாதரிசி ஆண்டுதோறும் பாடசாலைக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். சித்தியெய்திய பிள்ளைகளின் தொகைக்கேற்ப நன்கொடை கிடைக்கும். இலங்கையில் 1869ஆம் ஆண்டில் பொதுப்போதனைப் பகுதி நிறுவப்பட்டதையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலும் இம்முறை வழக்கிற்கு வந்தது. இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. பணம் தரும் பாடங்கள் மட்டுமே பாடங்களாயின. பிள்ளை விளங்கிக்கொண்டானா என்பதினும், தரிசி வரும் நாளில் பிழையின்றி ஒப்புவித்தானா என்பதே ஆசிரியனின் கவலையாயிற்று. தாய்நாடாகிய இங்கிலாந்தே 1890களில் இம்முறையைக் கைவிட்டது.

இதே காலத்தில், வடதுருவத்தை அடுத்துள்ள பின்லாந்து உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டதொரு வறிய நாடாயிருந்தது. 1866 முதல் 1868 வரை கொடிய பஞ்சம் அந்நாட்டை வாட்டியது. அதற்கு முன்னர் அங்கே மக்களின் கல்வியைச் சோதித்தோர் திருச்சபைக் குருமாரே. 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின் வழிவந்த வழக்கின்படி, ஊர்மக்கள் குருவின் முன்னிலையில் ஞானபாடத்தை வாசித்துக் காட்டுதல் வேண்டும்; அதில் தேறாதவர் திருமணம் செய்தற்கும் தடையிருந்தது. ஆகவே பரீட்சையின் கடுமையை அந்நாட்டினர் அறியாதவரல்லர்.

ஆனால் பொதுப் பாடசாலைகளை அமைக்கத் தலைப்பட்டபோது அவர்கள் பிறிதொரு வழியை மேற்கொண்டனர். யூனோ சிக்னேயஸ் என்னும் கல்விமான் அயல்நாட்டுப் பாடசாலைகளை நேரிற் கண்டு ஆராய்ந்து திரும்பினார். 1863ஆம் ஆண்டில் யிவாஸ்கிலா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் தொடங்கியது. அதன் பின்னரே, 1866ஆம் ஆண்டில், பொதுப் பாடசாலைக் கட்டளை பிறந்தது. முதலில் ஆசிரியர், அடுத்துப் பாடசாலை என்பதே அவர்கள் கொண்ட ஒழுங்கு. எழுத்தும் எண்ணும் மட்டுமன்றிக் கைப்பணியும் பாடவிதானத்தில் இடம்பெற்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டமொன்று, எந்தப் பிள்ளைக்கும் பாடசாலை ஐந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் இருத்தலாகாது என்ற நியதியோடு கிராமங்களைப் பாடசாலை வட்டாரங்களாகப் பிரிக்கப் பணித்தது.

மலையகத்தின் நிலையோ வேறு. இங்கே பிள்ளை மாணாக்கனாகக் கருதப்படுமுன் தொழிலாளியாகக் கருதப்பட்டான். 1907ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் தெளிவாக 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விச் சட்டமும், தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மேற் சுமத்தின. 1920ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த வயதெல்லை 6 முதல் 10 வரையாகும். பிறவிடங்களில் 14 வயது வரை கல்வி பேசப்பட்ட காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்குப் பத்து வயதே எல்லையாயிற்று.

அவ்வெல்லைக்குக் காரணம் ஒளிவுமறைவானதன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ், உயர்மலைத் தோட்டங்களில் ஆடவருக்கு 54 சதமும், பெண்டிருக்கு 43 சதமும், பிள்ளைகளுக்கு 32 சதமும் முதன்முதலில் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. பிள்ளைக்கெனத் தனிக்கூலி குறிக்கப்பட்டிருந்த இடத்தில், பத்து வயதுக்குப் பின்னும் அவனைப் பாடசாலையில் இருத்துதல் வறிய பெற்றோர்க்கு நாள்தோறும் நேரும் இழப்பாயிற்று. பாடவிதானமும் இதற்கேற்பவே சுருங்கியது. ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியர், மிகுந்தால் ஐந்தாம் வகுப்பு. தாய்மொழி வாசிப்பு, எழுத்து, எளிய கணக்கு என்பனவே அதன் எல்லை. பெயர் எழுதவும் கூலிக்கணக்கை ஓரளவு பார்க்கவும் அது போதுமாயிற்று. அவனை அதற்கு மேல் இட்டுச்செல்லும் படி எதுவும் அங்கிருக்கவில்லை.

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் தோன்றின. கிராமத்து ஏழை மாணாக்கரைத் தெரிந்தெடுத்து அக்கல்லூரிகளுக்கு அனுப்பும் பொருட்டு ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிற் பரீட்சை ஏற்பட்டது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் பொது அமைப்புக்குப் புறம்பாகவே நின்றன. 1947ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவற்றை அரசாங்கம் ஏற்பதற்கு வழிகாட்டிய போதிலும், ஏற்கப்பட்டவை ஒரு சிலவே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கற்றோரின் பாடசாலைக்காகச் சபையில் வாதாடுவோரும் அருகினர்.

பின்லாந்திலும் அந்நாளில் இத்தகையதொரு சல்லடை இருந்தது என்பதை மறத்தலாகாது. நான்காண்டு பொதுப் பாடசாலையில் பயின்ற பின், ஏறத்தாழ பதினொரு வயதில், நுழைவுப் பரீட்சையொன்றே பிள்ளையின் பிற்காலத்தை நிர்ணயித்தது. தேறியவர் உயர்பள்ளிக்குச் செல்ல, ஏனையோர் பொதுப் பாடசாலையிலேயே தங்கினர். இப்பிரிவு நீதியன்று எனக் கண்டு, 1968ஆம் ஆண்டில் ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளிச் சட்டத்தை அவர்கள் இயற்றினர். அது 1972ஆம் ஆண்டில் நாட்டின் வடகோடியாகிய லாப்லாந்திலே தொடங்கிப் படிப்படியாகத் தெற்கே பரவி, 1977ஆம் ஆண்டில் தலைநகராகிய ஹெல்சிங்கியை அடைந்தது. மிகப் பின்தங்கிய பகுதிக்கே முதலிடம் கிடைத்தமை ஈண்டு கருதத்தக்கது.

அதே 1972ஆம் ஆண்டில் இலங்கையும் தன் கல்வியை மாற்றியமைத்தது. பாடசாலையிற் சேரும் வயது ஆறாக உயர்த்தப்பட்டது. தொழில்முன்னிலைப் பாடங்களுடன் பொதுவான பாடவிதானமொன்று வகுக்கப்பட்டது. பழைய பொதுத் தராதரப் பத்திரத்தின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. கருத்தளவில் இஃது பின்லாந்தின் சீர்திருத்தத்திற்குப் பெரிதும் குறைந்ததன்று. எனினும் இரு குறைகள் இதனை வாட்டின. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு சீர்திருத்தம் கைவிடப்பட்டது. வேர்கொள்ளக் காலம் கிட்டவில்லை. மேலும், அது அறிவிக்கப்பட்ட வேளையில் அக்கரப்பத்தனை போன்ற இடங்களின் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்க அமைப்பினுள் அடங்கவேயில்லை. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977 முதலே அப்பாடசாலைகள் படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன. நாடு முழுவதற்குமென வகுக்கப்பட்ட பாடவிதானம் இம்மலைகளை அடைவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

பின்னைய வரலாறு ஆறுதல் தருவது. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டுதவியுடன் தோட்டப் பாடசாலைகள் விருத்தி பெற்றன. 1990களின் முற்பகுதியில் ஜெர்மனியின் உதவியுடன், கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகத்துப் பிள்ளைகளுக்கு மலையகத்தாரே பயிற்சி பெற்ற ஆசிரியராகும் வாய்ப்பு அதனாற் பெருகியது. யிவாஸ்கிலாவில் 1863இல் நாட்டப்பட்ட வித்து இங்கே ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்தே முளைத்தது எனலாம். 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தங்கள் ஆரம்ப வகுப்புகளில் தேர்ச்சிகளையும் பாடசாலைமட்டக் கணிப்பீட்டையும் வலியுறுத்தின. எனினும் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையின் நிழல் அவற்றின்மேல் விழுந்தே கிடந்தது.

அதற்கிடையில் பின்லாந்து மேலும் முன்னேறிச் சென்றது. 1970களின் இறுதியில் ஆசிரியர்க்கு முதுமாணித் தகைமை விதிக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டில், கணிதத்திலும் பிறமொழிகளிலும் மாணாக்கரைத் தரம்பிரித்துக் கற்பிக்கும் வழக்கம் ஒழிந்தது. 1990களின் தொடக்கத்தில் வித்தியாதரிசனமும் நீங்கியது. 1994ஆம் ஆண்டின் தேசியப் பாடவிதானம் பொது நெறிகளை மட்டும் வகுத்து, விவரங்களை ஊராட்சிக்கும் பாடசாலைக்கும் விட்டது. ஒன்பதாண்டுக் கல்வி முடியுமட்டும் நாடளாவிய பொதுப் பரீட்சை இல்லை. வகுப்பாசிரியரே 4 முதல் 10 வரையான புள்ளிகளாலும், சிறுவகுப்புகளில் சொற்களாலும் மாணாக்கனை மதிப்பிடுவர். உயர்நிலைக் கல்வியின் முடிவில் எழுதும் புகுமுகப் பரீட்சை மட்டும், 1852ஆம் ஆண்டுத் தொடக்கத்தையுடையது, நிலைபெற்றுள்ளது.

இம்முறையே எல்லாக் குறைகளையும் தீர்க்கும் என்பது பொருந்தாது. 2000ஆம் ஆண்டின் பீசா ஒப்பாய்வில் முதன்மை பெற்ற பின்லாந்து, பிற்கால ஆய்வுகளிற் சரிவையும் கண்டுள்ளது. பரீட்சையை நீக்குதல் மட்டும் கல்வியாகாது. ஆசிரியனை உருவாக்கிய பின்னரே அந்நாடு தரிசியை விடைகொடுத்து அனுப்பியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அரிதாயுள்ள இடத்தில், பொதுப் பரீட்சையே ஏழைப் பிள்ளைக்குக் கிட்டும் ஒரே சாட்சியாகவும் அமைதல் கூடும். தோட்டத்து லயத்திற் பிறந்தவர் பலர் ஆசிரியராகவும் வைத்தியராகவும் உயர்ந்தது இப்பரீட்சைகளின் வழியாகவே.

ஆகவே, தொடக்கத்திற் கூறிய மூன்று வினாக்களுள் இறுதியானதே தலையாயது. அக்கரப்பத்தனைப் பிள்ளையின் விடை முதலில் பாடசாலையின் நன்கொடையைத் தீர்மானித்தது. பின்னர் மட்டுப்பட்ட இடங்களுக்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானித்தது. அடுத்த நாள் அப்பிள்ளைக்கு எதனைக் கற்பிப்பது என்பதை அவ்விடை தீர்மானித்த காலம் மிகக் குறைவு. அக்காலத்தை நீட்டுதற்குச் சட்டம் மட்டும் போதாது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர், தமக்கு முன்னிருக்கும் விடைத்தாளைப் பிள்ளையின் தரத்திற்கு இட்ட முத்திரையாகக் கொள்ளாது, தம் அடுத்த பாடத்திற்கான குறிப்பாகக் கொள்ளும் நாளில்தான் அது தொடங்கும்.