அக்டோபர்ஃபெஸ்ட் பாரம்பரிய உடை அணிவகுப்பு: வரலாறும் பின்னணியும்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகரான மியூனிக்கில் ஆண்டுதோறும் நடைபெறும் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா குறித்த செய்திகளில் பெரும்பாலும் பீர் குவளைகளே முன்னிற்கின்றன. ஆனால், விழாவின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நகரின் மையப் பகுதி வழியாகச் செல்லும் பாரம்பரிய உடை அணிவகுப்பு, அந்த மாநிலம் தன்னை எவ்வாறு உலகுக்குக் காட்ட விரும்புகிறது என்பதை வேறெந்த நிகழ்ச்சியைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துகிறது. சுமார் 9,000 பேர் பங்கேற்கும் இந்த அணிவகுப்பு, மாக்ஸிமிலியன் வீதியில் தொடங்கி, விழா மைதானமான தெரேசியன்வீஸ வரை ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவு செல்கிறது.

அதற்கு முந்தைய நாளான சனிக்கிழமையன்று மற்றோர் ஊர்வலமும் உண்டு. அது பீர் கூடார உரிமையாளர்களும் மதுவடிப்பாலைகளும் மைதானத்துக்குள் நுழையும் ஊர்வலமாகும். செய்திக் குறிப்புகளில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

1810-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி பவேரியப் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் நடைபெற்ற திருமணமே இவ்விழாவின் தோற்றுவாய். திருமணத்தையொட்டி அக்டோபர் 17-ஆம் தேதி குதிரைப் பந்தயம் நடத்தப்பட்ட புல்வெளிக்கு மணமகளின் பெயரே சூட்டப்பட்டது. நெப்போலியன் காலத்து எல்லை மாற்றங்களால் ஃபிராங்கோனியா, ஸ்வாபியா உள்ளிட்ட பகுதிகள் அப்போதுதான் பவேரியாவுடன் புதிதாக இணைக்கப்பட்டிருந்தன. வெவ்வேறு மதப்பிரிவும் பேச்சுவழக்கும் கொண்ட மக்களை ஒரே முடியரசின் குடிகளாக உணரச் செய்யும் தேவை அரசகுடும்பத்துக்கு இருந்தது. வட்டார உடைகளில் குழந்தைகளை அணிவகுக்கச் செய்து அரசகுடும்பத்துக்கு மரியாதை செலுத்த வைத்த 1810-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இந்தப் பின்னணியில்தான் காண வேண்டும்.

மன்னராகிவிட்ட முதலாம் லுட்விக்கின் திருமண வெள்ளிவிழாவையொட்டி 1835-இல் முதல் பெரும் உடை அணிவகுப்பு நடைபெற்றது. 1842-இல் அவருடைய மகன் மாக்ஸிமிலியனின் திருமணத்தின்போது, 35 மணமக்கள் இணைகள் தத்தம் வட்டார உடையில் ஊர்வலமாகச் சென்றனர். 1895-இல் எழுத்தாளர் மாக்ஸிமிலியன் ஷ்மிட் ஏற்பாடு செய்த அணிவகுப்பில் 150 குழுக்களைச் சேர்ந்த 1,400 பேர் பங்கேற்றனர். ஆண்டுதோறும் தொடர்ந்து நடத்தும் வழக்கம் 1950-இல்தான் ஏற்பட்டது.

ஜெர்மன் மொழியில் இவ்வுடைகளுக்கு ‘டிராஹ்ட்’ என்று பெயர். ‘அணிதல், சுமத்தல்’ எனப் பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து பிறந்த சொல் இது. தமிழில் ‘நாட்டுப்புற உடை’ என்று எழுதுவது எளிது; எனினும், மன்னர்களும் நகரத்துச் சங்கங்களும் இதன் வடிவத்தைத் தீர்மானித்ததில் பெரும் பங்கு வகித்ததால், அச்சொல் முழுவதும் பொருந்துவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைக்கிராமங்களிலேயே இவ்வுடைகள் அருகிவந்த நிலையில், 1883-இல் பைரிஷ்செல் என்னும் ஊரின் ஆசிரியர் யோசஃப் ஃபோகல், இவற்றைக் காப்பதற்கென முதல் சங்கத்தைத் தொடங்கினார். முழங்கால் தெரியும் குட்டையான தோல் காற்சட்டை ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்று கத்தோலிக்கத் திருச்சபை தரப்பில் அப்போது எதிர்ப்பும் எழுந்தது.

இன்று சங்கங்கள் உடை விதிகளைக் கண்டிப்பாகப் பேணுகின்றன. மலைப்பகுதி உடையில் மட்டும் மீஸ்பாக், வெர்டன்ஃபெல்ஸ், பெர்ஹ்டெஸ்காடன் உள்ளிட்ட ஆறு வகைகள் உண்டு. தொப்பியில் செருகப்படும் காம்ஸ்பார்ட் என்ற குஞ்சம், ஆல்ப்ஸ் மலைக்காட்டு ஆட்டின் முதுகு ரோமத்தால் செய்யப்படுவது. ஆண்களின் தோல் காற்சட்டையின் முன்புறம் தொங்கும் வெள்ளிச் சங்கிலியில் பழைய நாணயங்களும் விலங்குகளின் பற்களும் கோக்கப்பட்டிருக்கும். பெண்கள் அணியும் டிர்ன்டல் உடையின் ஏப்ரன் முடிச்சு இடப்புறம் இருந்தால் மணமாகாதவர், வலப்புறம் இருந்தால் மணமானவர் என்பது பயணிகளுக்குத் தவறாமல் சொல்லப்படும் செய்தி; இது தொன்மையான வழக்கம் அன்று, அண்மைக் காலத்தில் பரவியதே.

டிர்ன்டலை நகர்ப்புற நாகரிகமாக்கியதில் பெரும்பங்கு யூதர்களான யூலியுஸ் வாலாஹ், மோரிட்ஸ் வாலாஹ் சகோதரர்களுக்கு உண்டு. வெஸ்ட்பாலியா பகுதியிலிருந்து வந்து, 1900-இல் மியூனிக்கில் ஆடையகம் தொடங்கிய இவர்கள், 1910-இல் அக்டோபர்ஃபெஸ்ட் நூற்றாண்டு அணிவகுப்புக்கான உடைகளை வழங்கிப் புகழ்பெற்றனர். நாஜி ஆட்சியில் 1938-இல் அந்நிறுவனம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அதே ஆண்டில், ஜெர்மனியுடன் இணைக்கப்பட்ட ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், யூதர்கள் இத்தகைய உடைகளை அணியக் கூடாது எனக் காவல்துறை தடை விதித்தது. மோரிட்ஸ் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அவருடைய சகோதரர் மாக்ஸ் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். போருக்குப் பின் நிறுவனம் குடும்பத்தாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. விழாவைப் பற்றிய வண்ணப்படக் கட்டுரைகளில் இவ்வரலாறு இடம்பெறுவது அரிது.

தற்போதைய அணிவகுப்புக்கு, கறுப்பு, மஞ்சள் நிறத் துறவி அங்கி அணிந்து குதிரையில் வரும் ‘மியூனிக் குழந்தை’ தலைமை தாங்குகிறது. நகரச் சின்னத்திலுள்ள துறவி உருவத்தின் வடிவமான இதனை இக்காலத்தில் இளம்பெண் ஒருவரே ஏற்று வருகிறார். தொடர்ந்து மாநில முதல்வரும் நகர மேயரும் குதிரை வண்டிகளில் வருகின்றனர். அவர்களுக்குப் பின் துப்பாக்கி வீரர் சங்கங்கள், பித்தளை இசைக்குழுக்கள், கொடி வீசுவோர், சாட்டை ஒலியால் தாளம் எழுப்புவோர், மதுவடிப்பாலைகளின் அலங்கரிக்கப்பட்ட குதிரை வண்டிகள் என வரிசை நீளும். பிற ஜெர்மன் மாநிலங்களிலிருந்தும் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்தும் குழுக்கள் பங்கேற்கின்றன.

கொரோனா பெருந்தொற்று காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் விழா முழுவதும் ரத்து செய்யப்பட்டதால் அணிவகுப்பும் நடைபெறவில்லை. 2022-இல் மீண்டும் தொடங்கியது. பெயரில் அக்டோபர் இருப்பினும் விழா செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவதால், காணச் செல்வோர் செப்டம்பர் பிற்பகுதியில் மியூனிக்கில் இருக்க வேண்டும். அணிவகுப்பு காலை 10 மணியளவில் புறப்படும். இருக்கை மேடைகளுக்குக் கட்டணம் உண்டு. வீதியோரம் நின்று காண்பதற்குக் கட்டணம் இல்லை.