மூன்றரை அடிப் பாதை

ரயில் ஸிமுலேட்டர் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கிறது. விளையாட்டு என்று சொன்னால் அதில் ஈடுபட்டவர்கள் வருத்தப்படுகிறார்கள். திரையில் இஞ்சினின் முன்கண்ணாடி, அதற்கப்பால் தண்டவாளம், கைக்கெட்டும் இடத்தில் பிரேக். சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. சிக்னல் பார்த்து வேகத்தைக் குறைத்து, பிளாட்பாரத்தில் உரிய இடத்தில், உரிய நிமிஷத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அவ்வளவுதான். நம் கதைகளில் ரயில் என்பது பெரும்பாலும் ஜன்னலோர இருக்கை, அல்லது வழியனுப்பும் பிளாட்பாரம். டிரைவரின் கண்ணில் விழும் ரயில் நம் எழுத்துக்கு அநேகமாக அறிமுகமற்றது. எனக்கு இதில் ஈடுபாடு ஏற்பட அதுவே காரணம்.

2001-ல் மைக்ரோஸாஃப்ட் வெளியிட்ட ஸிமுலேட்டரில் ஆறு பாதைகள் இருந்தன. இங்கிலாந்தின் ஸெட்டில்-கார்லைல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்-ஸாங்க்ட் ஆன்டன், அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு. பெரும்பாலானவை மலையேறும் பாதைகள். காரணம் வெளிப்படை. ஏற்றம் இருந்தால்தான் இஞ்சின் திணறும், இறக்கம் இருந்தால்தான் பிரேக்குக்கு வேலை. நிலக்காட்சியும் கிடைத்துவிடும். அப்போதிருந்து உலகெங்கும் ரசிகர்கள் தாங்களாகவே பாதைகளை வரைந்து சேர்த்து வருகிறார்கள். ஒருவர் ஒரு பாதையை முன்மொழிவார், மற்றவர்கள் வளைவு, சரிவு, சிக்னல் விவரங்களைத் தேடித் தருவார்கள். முன்மொழிவதற்குச் சரித்திரப் புகழ் ஒரு தகுதி. ஜெர்மன் பாதைகளுக்கு இதில் தனி மவுசு. ஜெர்மன்காரர்கள் தங்கள் ரயிலைப் பற்றி எழுதிவைக்காதது குறைவு.

ஒரகடத்தில் ஜெர்மன் இயந்திரங்களோடு நாள் முழுவதும் மல்லாடும் என் நண்பர் ஒருவர், விடுமுறை நாளில் ஜெர்மன் ரயில் ஓட்டுபவர். அவர் முன்மொழிய நினைத்தது ந்யூரன்பெர்க்-ஃப்யூர்த் பாதை. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில், 1835 டிசம்பர் 7-ல் ஓடியது. நீளம் ஆறு கிலோமீட்டர்தான். 'ஆட்லர்', அதாவது கழுகு, என்ற அந்த இஞ்சின் நியூகாஸிலில் ஸ்டீவன்ஸன் பட்டறையில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. டிரைவர் வில்லியம் வில்ஸனும் இங்கிலாந்திலிருந்து வந்தவர். கம்பெனி டைரக்டரைவிட அவருக்குச் சம்பளம் அதிகம். நிலக்கரி விலை கட்டாமல் பல நடைகளைக் குதிரைகளே இழுத்தன. 1836-ல் ஏற்றிய முதல் சரக்கு இரண்டு பீப்பாய் பீர். ஆக, ஜெர்மன் ரயில் என்று இன்று நாம் மலைத்து நிற்கும் விஷயம், இறக்குமதி இஞ்சினும் இறக்குமதி டிரைவரும் உள்ளூர்க் குதிரையுமாகத்தான் தொடங்கியது. ஒரகடத்துக்காரர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

என்னைக் கவர்ந்தது வேறு. அசல் ஆட்லர் 1857-ல் கழித்துக்கட்டப்பட்டு விற்கப்பட்டுவிட்டது. இன்று பார்க்கக் கிடைப்பது 1935 நூற்றாண்டு விழாவுக்காகச் செய்த பிரதி. அந்தப் பிரதியும் 2005-ல் தீயில் சிக்கி, 2007-ல் மீண்டும் கட்டப்பட்டது. பழைய பாதை 1922-லேயே மூடப்பட்டு, அதே தடத்தை ஒட்டி இப்போது சுரங்க ரயில் ஓடுகிறது. பிரதியின் பிரதியைத் திரையில் மூன்றாம் முறை பிரதி எடுக்கப் போகிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் தன் இறந்தகாலத்தை இவ்வளவு பிடிவாதமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறதே, அந்தப் பிடிவாதம் நம்மிடம் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

ஆட்லர் ஓடி இரண்டு வருஷத்துக்குள், 1837-ல், செங்குன்றத்திலிருந்து சென்னைச் சாலைகளுக்காகச் செம்பாறாங்கல் சுமந்த ஒரு இருப்புப் பாதை இங்கேயே இருந்தது. அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-ல் ஓடிய முதல் பயணி ரயிலுக்காவது ராயபுரத்தில் தூண் வைத்த கட்டடம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. நான் நண்பரிடம் மாற்றாக முன்மொழிந்தது இவை இரண்டையும் அல்ல. அரக்கோணம்-காஞ்சிபுரம் பாதையை, அதுவும் 1865-ல் இருந்தபடி.

ஸ்ரீபெரும்புதூரில் ரயில் கிடையாது. ஒரகடத்திலும் கிடையாது. ஆவடியிலிருந்து இந்த வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை பல காலமாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆலைகளும் லாரியை நம்பி எழுந்தவை. கார்கள் ரயிலேறுவது தெற்கே வாலாஜாபாத்தில். அந்த வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் தண்டவாளத்தின் வடபாதிதான் நான் சொல்லும் பழைய பாதை. இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் போட்டது, சுமார் 19 மைல். பெரிய பாதைகளுக்குக் கிளை சேர்க்கும் மலிவான ரயில் என்பது கம்பெனியின் கனவு. எனவே ஐந்தரை அடி அகலத்தை விட்டு மூன்றரை அடியைத் தேர்ந்தார்கள். இந்த அகலத்தை 1862-ல் நார்வேயில் பயன்படுத்திக் காட்டியவர் கார்ல் பீல் என்ற பொறியாளர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதே 1865-ல் முதல் பாதை இதே அகலத்தில் திறக்கப்பட்டது. 1872-ல் ஜப்பான் தன் முதல் ரயிலுக்கு இதையே எடுத்துக்கொண்டது. மைக்ரோஸாஃப்டின் ஆறு பாதைகளில் ஒன்றான ஜப்பானிய ஹிஸாட்ஸு மலைப்பாதையின் அகலமும் இதுவே. நமக்குத் தெரியாமலே காஞ்சிபுரம் ஒரு உலகப் பரிசோதனையின் முன்வரிசையில் இருந்திருக்கிறது.

ஜப்பானில் அது நிலைத்தது. இங்கே நிலைக்கவில்லை. 1870-ல் மேயோ பிரபுவின் அரசாங்கம் கிளைப் பாதைகளுக்கு மீட்டர் கேஜ் என்று முடிவு செய்தது. 1874-ல் காஞ்சிப் பாதை தென்னிந்திய ரயில்வேயோடு சேர்க்கப்பட்டது. 1878-ல் மூன்றரை அடி மீட்டராகச் சுருங்கியது. வித்தியாசம் 67 மில்லிமீட்டர், நாலு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த நாலு விரலுக்காக ஒரு இஞ்சினோ ஒரு வண்டியோ அப்படியே அதில் உருள முடியாது. பிறகு பாதை செங்கல்பட்டுவரை நீண்டது. நம் காலத்தில் மீட்டர் கேஜும் போய் அகலப்பாதை வந்தது. ஒரே மண்ணின் மேல் 1067, 1000, 1676 மில்லிமீட்டர் என்று மூன்று எழுத்துகள், ஒன்றை அழித்து ஒன்று. மீட்டர் கேஜை நினைத்து உருகுகிறவர்கள் நம்மில் ஏராளம், நானும் அதில் பயணித்தவன்தான். ஆனால் அந்த உருக்கம் தனக்கு முன்னால் அழிக்கப்பட்டதைக் கேட்பதில்லை. நம் ஞாபகம் நம் டிக்கெட்டோடு முடிந்துவிடுகிறது.

நண்பரின் ஆட்சேபம் நியாயமானது. இந்தப் பாதை தட்டை. தக்கோலத்திலும் திருமால்பூரிலும் இஞ்சின் எங்கே திணறப் போகிறது? உண்மை. ஆனால் செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஒரு ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி நூற்றாண்டுகளாக அமைந்த சரிவு அது. ரயில் டிரைவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அதன் குறுக்கே மண்கரை எழுப்பி ரயில் போடுகிறவன் ஒவ்வொரு ஓடைக்கும் கண் விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கரை உடையும், அல்லது மேலே வயல் மூழ்கும். ஸிமுலேட்டர் நிலத்தை வண்டியின் நீளவாக்கில் மட்டும் பார்க்கிறது. இங்கே சரித்திரம் குறுக்கே ஓடுகிறது. ஒரகடத்தில் மழைக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எனக்கு முக்கியமானது. இவ்விளையாட்டில் பாதையை மட்டும் கொடுத்தால் போதாது, ஒரு 'வேலை' கொடுக்கவேண்டும். இன்ன வண்டி, இன்ன நேரம், இன்ன சரக்கு. காலத்துக்கு வந்து சேர்ந்தால் வெற்றி. நான் கொடுக்க விரும்பும் வருஷம் 1877. தாது வருஷப் பஞ்சம். சென்னைக் கடற்கரையில் வந்து குவிந்த அரிசி மூட்டைகள் ரயிலில் உள்நாட்டுக்குப் போன வருஷம். ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்த வருஷம். அது பிழைக்கப் போதாது என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்தார். தென்னிந்தியா முழுவதுமாகச் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பு. 1880-ல் பஞ்சக் கமிஷன் இன்னும் ரயில் போடுங்கள் என்றது. 2001-ல் மைக் டேவிஸ் எழுதியது நேர்மாறு. ரயில் தானியத்தைப் பசித்தவனிடம் கொண்டுபோகவில்லை, விலை கிடைக்கும் கிடங்குக்குக் கொண்டுபோனது என்கிறார். இரண்டும் ஒரே ரயிலைப் பற்றியவை. முன்கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்டவாளம் ஒன்று, சிக்னல் ஒன்று, பின்னால் இருக்கும் பாரமும் ஒன்று. டிரைவர் காலத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆகவே நான் கேட்பது ஒரு சிறு மாற்றம்தான். வேலையின் முடிவில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று திரையில் வருகிறது அல்லவா, அதற்குக் கீழே இன்னொரு வரி வரவேண்டும். மூட்டைகளை இறக்கிக்கொண்டவர் யார், அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் அரிசி ரூபாய்க்கு எத்தனை படி. நண்பர் இது புரோகிராமில் கஷ்டமில்லை என்கிறார். விளையாட்டு கெட்டுவிடும் என்பதுதான் அவர் கவலை. தற்சமயம் தக்கோலத்துக்கும் திருமால்பூருக்கும் இடையிலுள்ள ஏரிகளை வரைந்துகொண்டிருக்கிறோம், ரயில் இன்னும் போடவில்லை.